ரேம் முதலில், கார்டு அப்புறம்: பழைய கணினியை விளையாட்டுக்குத் தேற்றிய குறிப்புகள்

முதலில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 3600 பிராசசர். பி450 மதர்போர்டு. 2666 வேகத்தில் ஓடும் டிடிஆர்4 ரேம், அதுவும் ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, அதில் 4 ஜிபி விரேம் (கார்டின் சொந்த நினைவகம்). 450 வாட் பவர் சப்ளை. 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். பிராசசர் 2019-இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், இன்னும் தெம்பு இருக்கிறது. கார்டு 2016-ஐச் சேர்ந்தது. வந்த காலத்தில் நல்ல பெயர் எடுத்த கார்டுதான். இன்றைய விளையாட்டுகளுக்கு முன்னால் அது மூச்சு வாங்குகிறது.

நான் அதிகம் ஆடுவது இரண்டு: சைபர்பங்க் 2077, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. இரண்டிலும் குறை இருந்தது, ஆனால் ஒரே குறை இல்லை. சைபர்பங்கில் படம் எப்போதுமே மெதுவாகத்தான் ஓடும். காரில் வேகமாகப் போனால் நடுநடுவே உறைந்து நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் திரையின் மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் எண் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) மோசமில்லை. ஆனால் புகைக்குண்டு விழுந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சுட ஆரம்பித்தால் குறி திரும்புவது தடுமாறும்.

"கார்டை மாத்துங்க, சரியாயிடும்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். அது பாதிதான் சரி. எந்தத் தடுமாற்றத்துக்கு எந்தப் பாகம் காரணம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல், ரேமை மாற்றி அளந்து, பிறகு கார்டை மாற்றி மறுபடி அளந்தேன். கூடுதல் வேலைதான். ஆனால் எது எதைச் சரிசெய்தது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

வாங்குவதற்கு முன் அளப்பது

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும் இருந்தால் ஆடும்போதே திரையில் எண்களைப் பார்க்கலாம். நான் வைத்துக்கொண்டவை: கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், விரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பிராசசரின் ஒவ்வொரு கோரும் தனித்தனியாக, அப்புறம் ஃபிரேம் டைம் வரைபடம். இந்தக் கடைசி ஒன்றுதான் முக்கியம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிவிநாடியில் வர வேண்டும். 59 ஃபிரேம் நேரத்துக்கு வந்து, ஒன்று மட்டும் 150 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாக மாறாது. கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் சராசரியோடு 1 பர்சென்ட் லோ என்ற எண்ணையும் பார்க்கிறார்கள். ஃபிரேம்களில் மிக மெதுவாக வந்த ஒரு சதவீதம் எப்படி ஓடியது என்பதை அது காட்டும்.

குறை பிராசசர் பக்கமா, கார்டு பக்கமா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. ஏறவே இல்லை என்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது. பிராசசரோ ரேமோதான் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் தவிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 50 சதவீதம்தான் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். பன்னிரண்டு த்ரெட்டில் ஒன்றிரண்டு முழுதாக நிரம்பினாலே விளையாட்டு நின்றுவிடும். மொத்தக் கணக்கில் அது சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

சைபர்பங்கில் எல்லா அமைப்பையும் கீழே இறக்கியும் 1080பி-யில் 30 எஃப்பிஎஸ்ஸை ஒட்டித்தான் ஓடியது. கார்டின் பயன்பாடு 99 சதவீதம். 720பி-க்கு இறக்கியதும் எண் நன்றாக ஏறியது. ஆக, மெதுவாக ஓடுவதற்குக் கார்டு பொறுப்பு. உறைந்து நிற்கும் தருணங்களைப் பார்த்தால் கதை வேறு: ரேம் 8 ஜிபி-யில் கிட்டத்தட்ட முழுதும் நிரம்பியிருந்தது, எஸ்எஸ்டி-யின் பயன்பாடு திடீரென்று மேலே குதித்தது. ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் எஸ்எஸ்டி-யிலுள்ள பேஜ் ஃபைலுக்கு எழுதிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். 2023-இல் வந்த 2.0 பதிப்புக்குப் பிறகு இந்த விளையாட்டின் குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேம், 6 ஜிபி விரேம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 என்று ஆகிவிட்டது. என்னிடம் இருந்தது இரண்டு கணக்கிலும் அதற்குக் கீழே.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கை நான் 1280×960-இல்தான் ஆடுவேன், பலரும் செய்வதுபோல. அதில் கார்டு 70 சதவீதத்தைத் தாண்டவில்லை. ரெசல்யூஷனை இன்னும் கீழே இறக்கியும் எஃப்பிஎஸ் அசையவில்லை. சராசரி 120 பக்கம், 1 பர்சென்ட் லோ அதில் பாதிக்கும் கீழே. கார்டை மாற்றியிருந்தால் இந்த விளையாட்டில் ஒரு ஃபிரேம்கூடக் கூடியிருக்காது.

ரேம்: எண்களை எப்படிப் படிப்பது

ஒற்றை ஸ்டிக் என்பதுதான் இங்கே பெரிய ஊனம். பிராசசரில் இரண்டு நினைவகச் சேனல்கள் உண்டு, ஒவ்வொன்றும் 64 பிட். ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். 2666 வேகத்தில் ஒற்றைச் சேனல் விநாடிக்கு 21.3 ஜிபி தரும். 3200 வேகத்தில் இரண்டு சேனலும் ஓடினால் 51.2 ஜிபி. இரண்டு மடங்குக்கும் மேல். ரேமில் இடம் போதாமை ஒரு பிரச்சினை, அகலம் போதாமை இன்னொரு பிரச்சினை. என்னிடம் இரண்டும் இருந்தன.

பழைய ஸ்டிக்கோடு அதேபோல இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகினால் என்ன? செய்யலாம். 16 ஜிபி ஆகும், இரண்டு சேனலும் ஓடும், குறைந்த செலவு. நெருக்கடியில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் வேகம் 2666-லேயே நின்றுவிடும். இந்த வகை ரைசனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: பிராசசருக்குள் சிப்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழக்கமாக ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடும். ரேமை வேகப்படுத்தினால் அதுவும் வேகம் பிடிக்கும். தவிர, வேறு வேறு சமயத்தில் வாங்கிய ஸ்டிக்குகள், மாடல் எண் ஒன்றாக இருந்தாலும், உள்ளே வேறு வேறு சிப்களோடு வரலாம். சோடியாக விற்கும் கிட்டை ஒன்றாகவே சோதித்து விற்கிறார்கள். அதனால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, 3200 வேகம், சிஎல்16 (தாமத எண்) என்று ஒரு கிட் எடுத்தேன். 16 ஜிபி போதாதா என்றால் இன்றைக்குப் பெரும்பாலும் போதும். பின்னால் நாலு ஸ்லாட்டையும் நிரப்ப வேண்டி வந்தால் நினைவகக் கன்ட்ரோலருக்குச் சுமை கூடி வேகத்தைக் குறைக்க நேரும். அதைத் தவிர்க்கத்தான் இப்போதே 32.

பெட்டியில் போட்டிருக்கும் 3200 மெகாஹெர்ட்ஸ் என்பது உண்மையில் மெகாஹெர்ட்ஸ் அல்ல. ரேமின் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு போவதால் 3200 பரிமாற்றங்கள். சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்து 1600 என்று காட்டியதும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பதறுபவர்கள் நிறைய. பதற வேண்டாம், அது சரிதான்.

சிஎல் எண்ணைத் தனியாகப் பார்ப்பதிலும் பயனில்லை. அதைக் கடிகார வேகத்தால் வகுத்தால்தான் தாமதம் தெரியும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோவிநாடி. 3600 சிஎல்18 என்றாலும் அதே 10. 3200 சிஎல்22 என்றால் 13.75. விலை கொஞ்சம் குறைவாகக் கண்ணில் படும் பல 3200 ஸ்டிக்குகள் இந்தக் கடைசி வகை. அவை கெட்டவை அல்ல, ஆனால் விளையாட்டுக்கு என்று வாங்கும்போது இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 செருக முடியாது. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

மாட்டுவது

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். வர்ணம் பூசாத உலோகப் பாகம் எதையாவது தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் நல்லது, இல்லையென்றால் உலகம் இடிந்துவிடாது.

நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடும்போது பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் இடம். ஏ2, பி2 என்று போர்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பெரும்பாலான போர்டுகளில் ஒரு சேனலின் கம்பிப்பாதை முதல் ஸ்லாட்டைத் தொட்டு, அடுத்த ஸ்லாட்டில் போய் முடிகிறது. கடைசி ஸ்லாட்டை விட்டுவிட்டு முன்னதில் போட்டால் மிச்சமுள்ள வெறும் பாதை சிக்னலைத் திருப்பி அனுப்பும். குறைந்த வேகத்தில் தெரியாது. 3200-க்கு மேல் போகும்போது தகராறு செய்யும். போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது எப்போதுமே நல்லது.

என் போர்டில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கொக்கி உண்டு. கொக்கி இல்லாத முனையை முதலில் சரியாக உட்காரவைத்து, பிறகு கொக்கியுள்ள முனையை அழுத்தினால் க்ளிக் என்று சத்தம் வரும். போர்டு லேசாக வளைவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அவ்வளவு அழுத்தம் வேண்டியதுதான்.

முதல் தடவை ஆன் செய்ததும் திரை கருப்பாகவே இருந்தது. ஃபேன்கள் சுற்றின, நின்றன, மறுபடி சுற்றின. போர்டின் ஓரத்தில் டிராம் என்ற சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் பயந்துபோய் ஸ்விட்சை அணைக்கக் கூடாது. புது ரேமைக் கண்டதும் போர்டு அதற்கேற்ற நேர அளவுகளைத் தானே முயன்று பார்க்கிறது. மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் தானாக வரும். வந்தது. நிஜமாகவே வரவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்கை வைத்து முயல்வது, சிமாஸை (போர்டு நினைவில் வைத்திருக்கும் அமைப்புகள்) அழிப்பது என்ற வரிசையில் போகலாம்.

வந்தாலும் ரேம் 3200-இல் ஓடாது. ரேமின் பெட்டி வேகத்தைப் பதிந்துவைத்திருக்கும் எக்ஸ்எம்பி-யைப் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போய் ஆன் செய்யும்வரை அது பொதுத் தரநிலை வேகத்தில், என் கிட்டில் 2400-இல், அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஏஎம்டி போர்டுகளில் இதே வசதிக்கு டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். நல்ல ரேமை வாங்கி மாட்டி, இதை ஆன் செய்யாமலே வருடக்கணக்கில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிமிட வேலை. ஆன் செய்ததும் வோல்டேஜ் 1.2-லிருந்து 1.35-க்கு ஏறும், அது அந்த ரேமுக்கு விதித்த அளவுதான்.

எக்ஸ்எம்பி-யில் விண்டோஸ் வந்துவிட்டது என்பதாலேயே எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. பிழையுள்ள ரேம் கண்ணுக்குத் தெரியாமல் ஃபைல்களைக் கெடுக்கும். மாதம் கழித்து விளையாட்டு காரணமில்லாமல் மூடிக்கொள்ளும்போது கார்டைத் திட்டிக்கொண்டிருப்போம். மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பி-யில் ஏற்றி இரவு முழுதும் ஓடவிட்டேன். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். 32 ஜிபி-க்கு அதுவே வெகுநேரம். ஒரு பிழை வந்தாலும் பிழைதான், "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. எனக்குச் சுத்தமாக முடிந்தது.

ரேம் மட்டும் மாறியபோது

இந்த நிலையில் அளந்ததுதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சராசரி 150-ஐ ஒட்டி ஏறியது. 1 பர்சென்ட் லோ அதைவிட அதிக விகிதத்தில் ஏறியது. புகைக்குள் சண்டை நடக்கும்போது இருந்த தடுமாற்றம் பெரும்பாலும் போய்விட்டது. கார்டின் பயன்பாடு 70-லிருந்து 97-க்கு வந்துவிட்டது. அதாவது முட்டுக்கட்டை இடம் மாறி, இப்போது கார்டிடம் போய் நிற்கிறது.

சைபர்பங்கில் சராசரி எஃப்பிஎஸ் அப்படியே இருந்தது. ஒன்றுகூட ஏறவில்லை. கார்டு திணறும் இடத்தில் ரேம் எதுவும் செய்யாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். ஆனால் காரில் போகும்போது உறைந்து நிற்பது நின்றது. மிச்சமிருந்தது சின்னச் சின்னக் குலுக்கல்கள், சுவரும் சாலையும் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளிவது. அது விரேம் போதாமையின் அடையாளம்.

கார்டைத் தேர்ந்தெடுத்த விதம்

பவர் சப்ளையை மாற்ற எனக்கு மனமில்லை. அது தரமானது, நன்றாகவே இருந்தது. அதனால் அதிலிருந்துதான் கணக்குத் தொடங்கியது. பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பார்க்க வேண்டியது மொத்த வாட் அல்ல, 12 வோல்ட் வரி. என்னுடையதில் 36 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 432 வாட். கார்டும் பிராசசரும் இதிலிருந்துதான் குடிக்கின்றன. 450 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 300 வாட்டுக்கும் குறைவாகத் தரும் மலிவுச் சரக்குகள் உண்டு. 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது. கட்டுமானத் தரத்துக்கு அது சான்றிதழ் இல்லை.

ரைசன் 5 3600 முழுச் சுமையில் 88 வாட் வரை எடுக்கலாம். கார்டாக என் பட்டியலில் இறுதிவரை நின்றவை இரண்டு: ஆர்டிஎக்ஸ் 3060, 170 வாட், ஆர்எக்ஸ் 6600, 132 வாட். முதலாவதற்கு என்விடியா 550 வாட் சப்ளை பரிந்துரைக்கிறது. இரண்டாவதற்கு ஏஎம்டி சொல்வது 450. 3060-இல் 12 ஜிபி விரேம் என்பது ஆசைகாட்டியது உண்மை. ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் முறை) பிடித்தவர்கள், வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். எனக்கு 1080பி-யில் விளையாட மட்டும்தான். 8 ஜிபி-யோடு 6600 போதும் என்று முடிவு செய்தேன்.

6600 பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்லாட் நீளம் 16 லேன் (தரவுப் பாதை) என்றாலும் இந்தக் கார்டு 8 லேனைத்தான் பயன்படுத்துகிறது. கார்டு செருகும் இணைப்பான பிசிஐஇ 4.0 வகையாக உள்ள போர்டில் அது பிரச்சினையே இல்லை. என் பி450 போர்டு 3.0, அதில் 8 லேன் என்றால் விநாடிக்கு 8 ஜிபி-க்குச் சற்றுக் குறைவு. கார்டின் சொந்த விரேமோ விநாடிக்கு 224 ஜிபி தருகிறது. விரேமுக்குள் எல்லாம் அடங்கும்வரை இந்தக் குறுகல் பெரிதாகத் தெரியாது. விரேம் நிரம்பி வழிந்து, டெக்ஸ்சர்களை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) ரேமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால் 224-லிருந்து 8-க்கு விழுகிறோம். பழைய கார்டில் நான் பார்த்த குலுக்கல்களுக்கும் இதே மாதிரியான சரிவுதான் காரணம். ஆகவே 3.0 போர்டு வைத்திருப்பவர்கள் 8 லேன் கார்டு வாங்கினால் டெக்ஸ்சர் அமைப்பை விரேம் எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்டின் நீளத்தை அளப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லாட்டின் பின் தகட்டிலிருந்து கேபினட்டின் முன் சட்டம் வரை அளந்து, அதில் முன் ஃபேனின் தடிமனைக் கழிக்க வேண்டும். பின்பக்கம் எந்தெந்த இணைப்புகள் இருக்கின்றன என்பதும் முக்கியம். 1050 டிஐ-யில் டிவிஐ இருந்தது. புதுக் கார்டில் எச்டிஎம்ஐ-யும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான்.

கார்டு மாற்றம்

என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்குப் போவதால் பழைய டிரைவரைத் துடைத்தெடுக்க டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் பயன்படுத்தினேன். இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் போய், துடைத்தபின் கணினியை அணைக்கும் தேர்வை அழுத்த வேண்டும். இணையம் இருந்தால் விண்டோஸ் முந்திக்கொண்டு ஏதாவது ஒரு டிரைவரைப் போட்டுவைக்கும். புது டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது சுலபம்தான். பழைய கார்டின் திருகைக் கழற்றி, ஸ்லாட் முனையிலுள்ள கொக்கியை அழுத்தி, நேராக வெளியே எடுத்து, புதியதைச் செருகித் திருகினேன். கவனம் வேண்டியது மின் கேபிளில். கார்டுக்கான 8 பின் கேபிள் 6+2 என்று பிரியும். பிராசசருக்கான 8 பின் 4+4 என்று பிரியும். பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் தலைகீழ். பின்களின் வடிவம் தவறான இடத்தில் போகவிடாமல் தடுக்கும். பலவந்தம் செய்யாமல் இருந்தால் போதும். கேபிள்களைக் கழற்றக்கூடிய மாடுலர் சப்ளை என்றால் வேறொரு சப்ளையின் கேபிளை எடுத்துச் செருகவே கூடாது. சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுத் தரநிலை கிடையாது, பாகங்கள் கருகும்.

மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் இல்லை. டிரைவர் போட்டு முடிந்ததும் விண்டோஸ் மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் வைத்திருந்தது. டிஸ்ப்ளே அமைப்பில் போய் 144 ஆக்கினேன். கார்டு மாற்றிய பிறகு இதைப் பார்க்காமல் விட்டால் வாங்கியதில் பாதி கண்ணுக்கே தெரியாது.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் திறந்தால் 8 லேன், பிசிஐஇ 1.1 என்று காட்டியது. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க இணைப்பு வேகம் இறங்கிவிடும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டதும் 3.0 ஆனது. சரி.

ரீசைஸபிள் பார் என்ற வழிமறிப்பு

பழைய முறையில் பிராசசர் கார்டின் விரேமை 256 எம்பி சன்னல் வழியாகத்தான் பார்க்கும். ரீசைஸபிள் பார் ஆன் செய்தால் முழு விரேமையும் ஒரேயடியாகப் பார்க்கலாம். ஏஎம்டி இதை ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி என்கிறது. சில விளையாட்டுகளில் நல்ல பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. என் போர்டுக்குப் பயாஸ் அப்டேட்டில் இந்த வசதி வந்திருந்தது, அப்டேட் செய்தேன். அதோடு எக்ஸ்எம்பி அமைப்பு அழிந்துபோகும், மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

இதற்குப் பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங்கை ஆன் செய்து, பழைய முறையில் பூட் ஆக வழிவிடும் சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்ய வேண்டும். அங்கேதான் வேலை இழுத்தது. என் விண்டோஸ் பழைய எம்பிஆர் வட்டு அமைப்பில் நிறுவியது. சிஎஸ்எம் ஆஃப் ஆனால் அது பூட் ஆகாது. விண்டோஸை மறுபடி நிறுவத் தேவையில்லை. வட்டைப் புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-லிருந்தே உள்ளே இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதலில் சரிபார்ப்பை மட்டும் ஓடவிட வேண்டும். வட்டில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் அதை இடைநிறுத்த வேண்டும். முக்கியமான ஃபைல்களை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டுத்தான் மாற்றத்தை ஓடவிட்டேன். முடிந்ததும் நேராகப் பயாஸுக்குப் போய் சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்தேன்; விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல வந்தது. ஏஎம்டி-யின் அட்ரினலின் மென்பொருளில் ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி இயங்குவதாகக் காட்டியது.

சைபர்பங்கில் கொஞ்சம் லாபம் தெரிந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தெரியவில்லை. பூட் அமைப்பில் கைவைக்கப் பயமாக இருப்பவர்கள் இதை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ஓட்டிப் பார்த்தது

புதுக் கார்டில் முதல் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஷேடர்கள் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) அந்தக் கார்டுக்கென்று மறுபடி தயாராக வேண்டும், அதுவரை குலுங்கும். அதே தெருக்களில் மறுபடி சுற்றியபோதுதான் உண்மையான எண் கிடைத்தது. சைபர்பங்கில் 1080பி, பெரும்பாலும் உயர் அமைப்புகள், 60-க்கு மேல் நிலையாக நின்றது. ரே ட்ரேசிங் ஆஃப். இந்தக் கார்டில் அதை ஆன் செய்வது வீண் வேலை. டெக்ஸ்சரை மேலே வைத்தேன்: விரேமில் இடமிருந்தால் டெக்ஸ்சர் எஃப்பிஎஸ்ஸைப் பெரிதாகத் தின்பதில்லை. தின்பது நிழல், பனிமூட்டம், ஸ்கிரீன் ஸ்பேஸ் பிரதிபலிப்பு. அவற்றை ஒரு படி இறக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது, எண்ணில் தெரியும்.

வெப்பம் ஒரு பிரச்சினையாக வந்தது. 75 வாட்டில் ஓடிய கார்டு இருந்த இடத்தில் 132 வாட். என் கேபினட்டின் முன்பக்கம் கிட்டத்தட்ட மூடியிருக்கும் வகை; கார்டின் சூடு உள்ளேயே சுழன்று பிராசசரின் வெப்பத்தையும் ஏற்றிவிட்டது. முன்பக்கத் தூசி வடிகட்டியைச் சுத்தம் செய்து, கீழே இன்னொரு உள்ளிழுக்கும் ஃபேன் சேர்த்தேன். அட்ரினலினில் கார்டின் வோல்டேஜைச் சிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஆடிப் பார்த்து, தகராறு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தினேன். வேகம் குறையவில்லை, ஃபேன் சத்தம் குறைந்தது. எந்த அளவு சரி என்பது கார்டுக்குக் கார்டு மாறும், அடுத்தவர் எண்ணைக் காப்பியடிக்க முடியாது.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கை இப்போது 1080பி-யில் ஆடுகிறேன். 200-ஐ ஒட்டி ஓடுகிறது, கார்டு 65 சதவீதம் பக்கம் சோம்பலாக இருக்கிறது. முட்டுக்கட்டை மறுபடி பிராசசரிடம் வந்துவிட்டது. மானிட்டரைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க் எல்லைக்குள் இருக்கட்டும் என்று 141-இல் பூட்டி வைத்திருக்கிறேன். மானிட்டர் 144-தான், அதற்கு மேல் ஓடி என்ன செய்யப்போகிறது. பயாஸ் புதிதாக இருப்பதால் இதே ஏஎம்4 சாக்கெட்டில் 96 எம்பி எல்3 கேஷ் உள்ள ரைசன் 7 5800எக்ஸ்3டி-யும் உட்காரும். மானிட்டரை மாற்றினால்தான் அதற்குத் தேவை வரும். மானிட்டரை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.